நுரை தள்ளும் பாலாறு

கொரோனா ஊரைப் பூட்டிய இரண்டு ஆண்டுகளில், வேலூர் - ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்து மக்களின் சுற்றுச்சூழல் கவலை எங்கே போயிருந்தது?

2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் வைத்திருந்த எல்லோருக்கும் அந்தப் படங்கள் வந்திருக்கும். ஜலந்தர் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் இமயமலைத் தொடர் தெரிகிறது. கங்கை தெளிந்துவிட்டது. நடுத்தெருவில் மயில் ஆடுகிறது. மனிதன் வீட்டுக்குள் முடங்கியதும் இயற்கை தன்னைத் தானே சரி செய்துகொள்கிறது என்று கீழே ஒரு வரி.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் அந்தப் படங்களை ஃபார்வர்டு செய்தவர்களிடம், பதிலுக்கு அனுப்ப உள்ளூர்ப் படம் எதுவும் இல்லை. தோல் பதனிடும் டேனரிகள் பூட்டிக் கிடந்தன. தோல் சுற்றும் மர டிரம்கள் நின்றிருந்தன. ஷூ கம்பெனி பஸ்கள் ஷெட்டில் இருந்தன. ஆனாலும் பாலாறு தெளியவில்லை, ஏனென்றால் தெளிவதற்கு அதில் தண்ணீர் ஓட வேண்டும். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைத் தாண்டி, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் வந்து வாயலூர் அருகே கடலில் கலக்கும் இந்த ஆறு, வருஷத்தின் பெரும்பகுதி மணலுக்கு அடியில்தான் ஓடும். ஊற்றுக்கால்வாய் வெட்டி அந்த நீரை வயலுக்குக் கொண்டுபோன ஊர்கள் இவை. தோல் கழிவு இறங்கியதும் அதே மணலுக்கு அடியில்தான். கிணற்றுக்குள் இறங்கிவிட்ட உப்பு, கம்பெனிக் கதவை 40 நாள் மூடியதால் மேலே வந்துவிடாது.

ஆகவே இந்த வட்டாரத்தில் ஊரடங்கு எந்த அதிசயத்தையும் காட்டவில்லை. சம்பளம் நின்றதுதான் பட்டென்று தெரிந்தது. ஐரோப்பியக் கடைகள் மூட, ஏற்றுமதி ஆர்டர்கள் ரத்தாக, கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வந்து தைத்துக்கொண்டிருந்த பெண்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். வேலூரில் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து சிகிச்சைக்கு வந்தவர்கள் ஊர் திரும்ப வழியில்லாமல் சிக்கினார்கள். மே மாதத்தில் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில் விட்டபிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது. சமூக இடைவெளி இல்லை என்று வாணியம்பாடி நகராட்சி ஆணையரே தள்ளுவண்டிப் பழங்களைத் தெருவில் கவிழ்த்துவிட்ட வீடியோ மே 12 அன்று நாடெங்கும் ஓடியது. பிறகு அவர் வருத்தம் தெரிவித்தார். பழம் என்னவோ மண்ணில்தான் கிடந்தது.

இப்படி ஒரு நேரத்தில் காலநிலை மாற்றத்தைப் பற்றி யார் கவலைப்பட்டிருப்பார்கள்? யாரும் இல்லை என்றுதான் டவுனில் மேசை முன் உட்கார்ந்தவர்கள் சொன்னார்கள். அப்படிச் சொன்னது தவறு.

கவலைக்கும் கொள்ளளவு உண்டா?

மனித மனதில் கவலைக்கு இருக்கும் இடம் குறைவு, ஒரு புதுக் கவலை நுழைந்தால் பழையது வெளியேறிவிடும் என்பது உளவியலில் ஒரு கருத்து. காலநிலை விஷயத்தில் இதை 2006இல் எடுத்துப் பேசியவர் உளவியலாளர் எல்கே வெபர். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் மேலை நாடுகளில் சுற்றுச்சூழல் மீதான அக்கறை சரிந்தபோது, பார்த்தீர்களா என்று பலர் இதைச் சுட்டினார்கள். கொரோனா வந்ததும் அதே ஆரூடம் திரும்பியது.

இந்த முறை பலிக்கவில்லை. பிரிட்டனில் 2019 ஏப்ரலில் கேள்வி கேட்கப்பட்ட அதே ஆட்களிடம் 2020 ஜூனில் மறுபடி கேட்டார்கள். காலநிலை பற்றிய அவர்களுடைய கவலை குறைந்திருக்கவில்லை. 2020 ஏப்ரலில் இப்சோஸ் நிறுவனம் 14 நாடுகளில் நடத்திய ஆய்வில், நீண்ட காலப் போக்கில் காலநிலை மாற்றமும் கொரோனா அளவுக்கே கடுமையான நெருக்கடி என்றவர்கள் 71 சதவீதம். அதே ஆண்டின் கடைசி மாதங்களில் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 50 நாடுகளில் 12 லட்சம் பேரிடம் கேட்டது. அவர்களில் 64 சதவீதம் பேர் இது உலகளாவிய அவசரநிலை என்றார்கள்.

இந்தியாவைப் பொறுத்தவரை யேல் பல்கலைக்கழகமும் சி-வோட்டரும் சேர்ந்து எடுத்த கணக்கு இன்னும் சுவாரசியமானது. 2021 அக்டோபரிலிருந்து 2022 ஜனவரி வரை, அதாவது டெல்டா அலை ஓய்ந்து ஒமைக்ரான் வந்துகொண்டிருந்த மாதங்களில், எடுக்கப்பட்டது. புவி வெப்பமாதலைப் பற்றிக் கொஞ்சம்தான் தெரியும் அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்றவர்கள் 54 சதவீதம். அது என்னவென்று இரண்டு வரியில் சொல்லிவிட்டுக் கேட்டபோது, ஆமாம் நடக்கிறது என்றவர்கள் 84 சதவீதம். கவலைப்படுகிறேன் என்றவர்கள் 81 சதவீதம். பாடம் தெரியாது, வலி தெரியும் என்பது இதன் அர்த்தம்.

வாணியம்பாடிக்காரரிடமோ மேல்விஷாரத்துக்காரரிடமோ காலநிலை பற்றி நீங்கள் கேட்டால், பேச்சு கிணற்றில்தான் தொடங்கும். அங்கிருந்து வெயிலுக்குப் போகும், பிள்ளையின் தோல் அரிப்புக்குப் போகும், வேலைக்கு வரும். நோயும் தண்ணீரும் கூலியும் ஒரே முடிச்சில் இருக்கிற ஊரில், ஒரு கவலை இன்னொன்றை வெளியே தள்ளும் என்ற சூத்திரத்துக்கு வேலையே இல்லை.

உப்பு எங்கே போகிறது

இந்த முடிச்சு எப்படி விழுந்தது என்பதைப் பார்க்க ஒரு டேனரிக்குள் போக வேண்டும். ஆட்டுத்தோல் கெடாமல் இருக்கக் கல் உப்பு தடவித்தான் வருகிறது. முதல் வேலை அந்த உப்பை உதறுவது. மரச் சட்டத்தின் மேல் தோலை அடித்து அடித்து உதறுவார்கள். கையில் சின்னக் கீறல் இருந்தாலும் உப்பு போய்க் காந்தும். உதறியது போக ஒட்டியிருப்பது ஊறவைக்கும் தண்ணீரில் கரைகிறது. பிறகு சுண்ணாம்பு, ரோமம் நீக்கல், சதை சீவல், அமிலம், குரோமியம், சாயம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தண்ணீர், ஒவ்வொரு தண்ணீரும் வெளியே. ஒரு கிலோ தோல் பதனிட்டு முடிய சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் எழுதி வைத்திருக்கிறது. இந்த ஈரவேலையை ஆண்டாண்டாகச் செய்து வந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நாற்றம் பிடித்த ஊர் என்று முகம் சுளிக்கிறவர்கள் அதைச் சொல்வதில்லை.

முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். வாரக்கணக்கில் ஊறும். அப்போதும் நாற்றம் இருந்தது, குரோமியம் இல்லை. அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு 1970களில் கட்டுப்பாடு போட்டது. முழுசாகப் பதனிட்டு, முடிந்தால் செருப்பாகவே தைத்து அனுப்புங்கள் என்பது கொள்கை. அந்நியச் செலாவணிக்கு நல்ல கொள்கைதான். வாரக்கணக்கில் ஆன வேலையை ஓரிரு நாளில் முடிக்கும் குரோமியம் அதன் பிறகு இங்கே முழுசாகக் குடியேறியது. ராணிப்பேட்டையில் குரோமிய ரசாயனம் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1995இல் மூடப்பட்டபோது, அது விட்டுப்போன கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல். மழைக்காலத்தில் அந்தக் குவியலிலிருந்து மஞ்சள் தண்ணீர் கசியும். 2006இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலை அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்டது. செர்னோபிலோடு சேர்த்து ராணிப்பேட்டையும் அதில் இருந்தது.

வானிலை இதில் எங்கே வருகிறது? மழை பொய்த்தால், நிலத்தடி நீர் குறைந்து, இருக்கிற உப்பும் கழிவும் கெட்டிப்படுகின்றன. மழை ஒரேயடியாகக் கொட்டினால், தேங்கிக் கிடந்ததெல்லாம் அடித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறது. பருவமழை ஒழுங்காகப் பெய்த காலத்தில் ஆறே கொஞ்சம் அலசிவிட்டுப் போகும். இன்று ஒன்று வறட்சி, இல்லையென்றால் வெள்ளம் என்றாகிவிட்டது. இரண்டும் இந்த ஊர்களுக்கு ஆகாது.

மழை வந்ததும் ஆம்பூர் அருகே மாராபட்டுப் பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். புது வெள்ளம் செம்மண் நிறத்தில் வரவேண்டும். இங்கே பெரிய வண்ணான்துறையில் துவைத்த தண்ணீர் அத்தனையையும் கொட்டியது போல வெள்ளை நுரை பொங்கி வரும், காற்றடித்தால் பிய்ந்து கரைக்குப் பறக்கும். மழையைச் சாக்காக வைத்து டேனரிகள் கழிவைத் திறந்துவிடுகின்றன என்பது விவசாயிகளின் புகார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பாட்டிலில் மாதிரி எடுக்கும். செய்தித்தாளில் படம் வரும். அடுத்த மழைக்கு மறுபடி வரும்.

இந்த ஊர்களின் குடிநீருக்குக் காவிரியைக் குழாயில் கொண்டு வரவேண்டியதாயிற்று. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றியபோது, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஏற்றிக்கொண்டு முதல் ரயில் தலைநகருக்குக் கிளம்பியது. பாலாறு ஓடுகிற மாவட்டம், காவிரியின் மேட்டூர்த் தண்ணீரை வாங்கி, சென்னைக்குக் கொடுத்தது. கொரோனா வருவதற்கு எட்டு மாதம் முன்பு நடந்தது இது. காலநிலை நெருக்கடி என்றால் என்னவென்று இந்த வட்டாரத்துக்குப் புதிதாக யாரும் பாடம் எடுக்கத் தேவையிருக்கவில்லை.

பூட்டிய வீட்டிலிருந்து போன மனுக்கள்

பிரதமர் முழு ஊரடங்கை அறிவித்தது 2020 மார்ச் 24 இரவு. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் புதிய சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின் வரைவை இறுதி செய்தது அதற்கு முந்தைய நாள். ஏப்ரல் 11 அன்று அரசிதழில் வந்தது. கருத்துச் சொல்ல 60 நாள். வீட்டை விட்டு வெளியே வந்தால் லத்தி அடி விழுந்த காலத்தில், ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருந்த ஒரு ஆவணத்துக்கு.

அந்த வரைவில் பலருக்கும் கண்ணில் பட்டது, அனுமதி வாங்காமல் ஆலையைத் தொடங்கிவிட்டுப் பிறகு வந்து அபராதம் கட்டி அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கான அவகாசம் 30 நாளிலிருந்து 20 நாளாகச் சுருங்கியது. இவற்றைவிட வேலூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விதி உள்ளே இருந்தது. விதிமீறலை யார் சுட்டிக்காட்டலாம் என்றால், ஆலைக்காரரே தாமாக முன்வந்து சொல்லலாம், அரசு அதிகாரி சொல்லலாம், மதிப்பீட்டுக் குழுவோ ஒழுங்குமுறை அமைப்போ கண்டுபிடிக்கலாம். குடிமகன் அந்தப் பட்டியலில் இல்லை.

வேலூர் இதைப் படிப்பதற்கும் வேறொரு ஊர் படிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் வேர் இந்த மாவட்டத்தில் இருக்கிறது. 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்டது. பாலாற்றுப் படுகையில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழாகிவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு நீதிமன்றத்தின் முன் இருந்தது. மன்றத்துக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா வாதாடினார். 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும், கேடு வரும் முன்னே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்த நாட்டின் சட்டத்தில் சேர்ந்தவை என்று அன்றுதான் உறுதியானது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். சட்டக் கல்லூரியில் படிக்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் வேலூர் வழக்கு என்று ஒப்பிக்கும். அந்த வழக்கைத் தொடங்கியது அதிகாரி இல்லை, ஆலை முதலாளியும் இல்லை. 2020 வரைவின் வாசலில் நின்றிருந்தால் அந்த மன்றத்தை உள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள்.

ஊரடங்கில் சனம் இதைக் கவனிக்காது என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால் அது பொய்த்தது. பூவுலகின் நண்பர்கள் போன்ற அமைப்புகள் வரைவைத் தமிழில் விளக்கின. நடிகர்கள் சூர்யாவும் கார்த்தியும் ஜூலையில் வெளிப்படையாக எதிர்த்தார்கள். ட்விட்டரில் தமிழ்நாடு நிராகரிக்கிறது என்ற ஹேஷ்டேக் ஓடியது. டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று தலையிட்டு, கருத்துச் சொல்லும் கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் வரைவை மொழிபெயர்க்கச் சொன்னது. கெடு முடிந்தபோது அமைச்சகத்துக்கு வந்து குவிந்த கருத்துகள் 17 லட்சம் அளவுக்கு இருந்தன. இந்தியாவில் ஒரு சுற்றுச்சூழல் விதிக்கு இத்தனை பேர் இதற்கு முன் கடிதம் எழுதியதில்லை. தொற்று உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த மாதங்களில் எழுதினார்கள். வரைவு இன்றுவரை அந்த வடிவில் சட்டமாகவில்லை.

மனு எழுத வந்த கூட்டத்தில் தோல் தொழிலாளி எத்தனை பேர் என்று கேட்டால் எண்ணிக்கை இருக்காது. கூலி நின்றுபோன வீட்டில், இமெயிலில் ஆட்சேபம் எழுதுவது எளிதான வேலை இல்லை. கவலைப்படுகிறவர்களில் யாருக்குக் கணினியும் நேரமும் இருக்கிறதோ அவர்கள் குரல்தான் டெல்லிக்குப் போனது. கருத்துக் கேட்புக் கூட்டம் என்பது எத்தனை குறைகள் இருந்தாலும் செருப்புத் தைக்கும் பெண் எழுந்து நின்று மைக்கைக் கேட்கக்கூடிய இடம். பெருந்தொற்று முதலில் அடைத்தது அந்த இடத்தைத்தான்.

உடல்நலமா, சுற்றுச்சூழலா என்று எதிரெதிராக நிறுத்தும் வேலையும் நடந்தது. 2021 ஏப்ரலில் ஆக்சிஜன் தட்டுப்பாட்டில் நாடே திணறியபோது, தூத்துக்குடியில் மக்கள் போராடி மூடவைத்த ஸ்டெர்லைட் ஆலையை ஆக்சிஜன் தயாரிப்பதற்காக மட்டும் திறக்கலாம் என்று ஏப்ரல் 26 அன்று சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம் ஒப்புக்கொண்டது. மறுநாள் உச்ச நீதிமன்றமும் அனுமதித்தது. நான்கு மாதம், ஆக்சிஜன் மட்டும், மேற்பார்வைக் குழு என்று அனைத்துக் கட்சிக் கூட்டம் நிபந்தனைகள் போட்டிருந்தது. மூச்சுக்காற்றுக்கு முன் வேறு எந்த வாதமும் நிற்காது, உண்மைதான். ஆனால் 13 பேரைச் சுட்டுக் கொன்ற ஊரில் அந்த ஒப்புதலை யார் கொடுப்பது என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது.

1903க்குப் பிறகு வந்த வெள்ளம்

வாணியம்பாடியில் ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. 1903 நவம்பர் 12 அன்று மைசூர் சமஸ்தானத்தில் ஏரிகள் உடைந்து பாலாற்றில் வந்த வெள்ளம் 200க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனதன் நினைவு. நூறு வருஷத்துக்கு மேலாக அது ஒரு பழங்கதை. ஆற்றுக்குள் வீடு கட்டியவர்களும், குப்பை கொட்டியவர்களும், மணல் அள்ளியவர்களும் அந்தத் தூணைத் தாண்டித்தான் போய் வந்தார்கள்.

2021 நவம்பரில் கதை நிஜமானது. அந்த ஒரே மாதத்தில் சென்னையில் 100 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நவம்பர் 19 அதிகாலை வங்கக் கடலின் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறி, கடலோரத்தோடு நிற்காமல் உள்ளே வந்து, வேலூர், திருப்பத்தூர், ஆந்திரத்தின் சித்தூர் என்று கொட்டித் தீர்த்தது. மோர்தானா அணை நிரம்பி வழிந்து, கௌண்டன்யா ஆறு குடியாத்தத்துக்குள் வந்தது. பாலாற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் போனது. விரிஞ்சிபுரம் தரைப்பாலம் போயிற்று. மாதக்கணக்கில் மணல்மேடாகக் கிடந்த இடத்தில் கரையோடு கரையாக வெள்ளம் போவதைப் பார்க்க, முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு ஊரே பாலத்தில் நின்றது. பிள்ளைகள் பாலாற்றில் இத்தனை தண்ணீர் ஓடி முதன்முறையாகப் பார்த்தார்கள். சந்தோஷம், பயம் இரண்டும் கலந்த கூட்டம்.

பேரணாம்பட்டில் அந்தக் காலை சந்தோஷமாக விடியவில்லை. நவம்பர் 19 அதிகாலை, மழையில் ஊறிய ஒரு வீடு இடிந்து விழுந்ததில் ஒன்பது பேர் இறந்தார்கள். நான்கு பேர் குழந்தைகள். மற்றவர்கள் பெண்கள். தண்ணீர் சூழ்ந்த தெருவில், பழைய சுவருக்கு உள்ளே, பாதுகாப்பு என்று நினைத்து ஒன்றாக இருந்தவர்கள்.

கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. 2020 தொடங்கி இரண்டு வருஷம் அரசு மக்களிடம் ஓயாமல் சொன்னது ஒன்றுதான்: வீட்டில் இருங்கள், கூட்டமாகச் சேராதீர்கள். வெள்ளம் வந்ததும் சொன்னது அதற்கு நேர் எதிர்: வீட்டைக் காலி செய்யுங்கள், பள்ளிக்கூடத்துக்கோ கல்யாண மண்டபத்துக்கோ வந்து ஒன்றாக இருங்கள். கொரோனாவுக்குப் பயந்து முகாமுக்குப் போகத் தயங்கிய குடும்பங்கள் எந்த ஆற்றங்கரையிலும் இருந்திருக்கும். ஒரு பேரிடருக்காக எழுதிய விதி இன்னொரு பேரிடரில் காலை வாரும். மாவட்டப் பேரிடர்த் திட்டங்களில் இதற்கு அப்போது ஒரு பக்கமாவது இருந்ததா என்பது என் சந்தேகம்.

மழை அத்தோடு விடவில்லை. டிசம்பர் 23 அன்று திருவலம் அருகே பொன்னை ஆற்று ரயில் பாலத்தின் தூணில் சேதம் தெரிய, சென்னை - காட்பாடி மார்க்கத்தில் ரயில்கள் நின்றன. நவம்பர், டிசம்பரில் வேலூர் பக்கம் லேசான நில அதிர்வுகள் வேறு. அதற்கும் மழைக்கும் முடிச்சுப் போட்டு டீக்கடையில் நிறையப் பேர் விளக்கம் சொன்னார்கள்.

கொரோனாவுக்கு முன்பே, 2014 முதல் நாகநதியில் உறைகிணறு இறக்கி நீர் ஊறவைத்த வேலூர் மாவட்டப் பெண்களையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். நூறு நாள் வேலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் செய்த அந்த வேலையை 2021 செப்டம்பர் மனதின் குரல் வானொலி நிகழ்ச்சியில் பிரதமர் குறிப்பிட்டார். காலநிலைக் கவலை என்று கேள்வித்தாளில் டிக் அடிக்காதவர்கள் அவர்கள். மண்வெட்டி பிடித்தவர்கள்.

110 டிகிரி

வேலூருக்கு இன்னொரு புகழ் உண்டு. மே மாதம் மாநிலத்தில் எங்கே வெயில் அதிகம் என்று மாலைச் செய்தியில் பட்டியல் வரும்போது முதல் மூன்று ஊர்களில் வேலூர் இருக்கும். கடற்காற்று வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சுற்றிலும் பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் திருப்பிக் கொடுக்கும். அக்னி நட்சத்திரத்தில் 108, 110 டிகிரி என்பது இங்கே புருவம் உயர்த்தும் எண் கிடையாது.

ஷூ கம்பெனியில் வரிசையாகத் தையல் மெஷின்கள், பக்கத்தில் ஒட்டும் சொல்யூஷன் வாடை. ஊரடங்குக்குப் பிறகு வேலைக்குத் திரும்பிய பெண்கள் அந்த வெக்கையில் எட்டு மணி நேரம் முகக்கவசத்தோடு உட்கார்ந்தார்கள். கழிப்பறைக்கு எழுந்து போனால் இலக்கு குறையும், இலக்கு குறைந்தால் சூப்பர்வைசர் பேசுவார். ஆகவே தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள். தமிழ்நாட்டில் வெயிலில் வேலை செய்வோரைப் பல ஆண்டுகளாக ஆராயும் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு, உப்பளத் தொழிலாளர்களிடம் சிறுநீரகப் பாதிப்பைக் கண்டு எழுதியிருக்கிறது. பெண்களுக்குக் கழிப்பறை வசதி இல்லாதது சூட்டோடு சேர்ந்து என்ன செய்யும் என்பதும் அந்த ஆய்வுகளில் உண்டு. தொற்றுக்காலத்தில் ஒவ்வொரு வாசலிலும் நெற்றிக்கு நேரே துப்பாக்கி போல ஒரு கருவியைப் பிடித்து உடல் வெப்பத்தை அளந்தார்களே, அந்த அக்கறையில் பாதியைப் பட்டறைக்குள் இருந்த வெப்பத்தை அளப்பதில் காட்டியிருக்கலாம்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். செத்தால் கிடைப்பது அது. தைக்கும் பெண்ணுக்கு மே மாதத்தில் கூடுதலாகப் பத்து நிமிட இடைவேளை கிடைக்குமா என்பது கம்பெனியின் தயவு. மாநிலத்தின் 2022 தோல், காலணிக் கொள்கைப்படி நாட்டின் தோல் பொருள் ஏற்றுமதியில் 47 சதவீதம் தமிழ்நாட்டிலிருந்து போகிறது. அந்த எண்ணைச் சொல்லாத மேடை இல்லை.

சுத்தம் செய்வதற்கும் கரி எரிகிறது

டேனரிகள் சும்மா இருந்துவிட்டன என்று சொன்னால் அது நியாயமில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையும் வந்தது. எதிர்ச் சவ்வூடு முறையில் நீரைப் பிரித்து, மிஞ்சிய உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, கடைசியில் உப்பாக எடுக்கிறார்கள். இதற்கு மின்சாரமும் எரிபொருளும் ஏராளமாக வேண்டும். ஆற்றைக் காப்பாற்ற அனலைக் கூட்டுகிற ஏற்பாடு. கடைசியில் கிடைக்கும் கலப்பு உப்பை என்ன செய்வதென்று தெரியாமல் கொட்டகையில் அடுக்கி வைக்கிறார்கள். அந்தக் கொட்டகைக்குள் 2021 போல ஒரு மழை புகுந்தால் உப்பு மறுபடி போய்ச் சேருமிடம் பாலாறுதான்.

இந்த நிலையங்களே ஆபத்தானதும் உண்டு. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து யூனிட்டில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள்.

உப்பில்லாமல் குளிர்பதனத்தில் தோலைப் பாதுகாப்பது, குரோமியத்தைக் குறைப்பது, ஆவாரம்பட்டைக்கே திரும்புவது என்று மாற்றுவழிகள் சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பேசப்படாதவை இல்லை. பட்டை, கடுக்காய் கொண்டு பதனிடும் ஈஸ்ட் இந்தியா தோலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் ஐரோப்பாவில் ஒரு ஜோடி ஷூவை வாங்குபவர் தருகிற விலையில் பாலாற்றுக்கு எவ்வளவு என்று பில்லில் போடுவதில்லை. அந்தச் செலவை இங்கே யாரோ ஏற்கிறார்கள்.

யார் ஏற்றது என்பதற்கு நீதிமன்றக் கணக்கு இருக்கிறது. 1996 தீர்ப்பின் பேரில் அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001இல் 547 டேனரிகளை அடையாளம் கண்டு, பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் ஒரு ஆளுக்குச் சராசரியாக ஒன்பதாயிரத்துச் சொச்சம். அதுவும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை.

பெருந்தொற்றில் மனு எழுதியவர்கள் எதிர்த்த, ஆலையைத் தொடங்கிய பிறகு வாங்கும் அந்தப் பின்தேதி அனுமதியின் கதையும் முடியவில்லை. 2025 மே மாதம் வனசக்தி என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தகைய அனுமதிகளைச் சட்டவிரோதம் என்றது. அதே ஆண்டு நவம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகளில் இருவர் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்று, விஷயத்தைப் புதிதாக விசாரிக்க அனுப்பினார்கள். உடன்படாத நீதிபதி உஜ்ஜல் புயான், கேடு வரும் முன் தடுக்கும் கோட்பாட்டைத்தான் தன் மாறுபட்ட தீர்ப்பில் அழுத்திச் சொன்னார். பாலாற்றுக் கிணறுகளை வைத்து 1996இல் எழுதப்பட்ட கோட்பாடு அது.

2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றத்தின் நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் பாலாற்று வழக்கில் இன்னொரு தீர்ப்பை அளித்தார்கள். விடுபட்ட இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும், அதை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து ஆற்றைத் தணிக்கை செய்ய வேண்டும் என்பது உத்தரவு. வழக்கு தொடங்கி 34 வருஷம் ஆகியிருந்தது. 1991இல் நாற்பது வயதில் கிணற்றை இழந்த விவசாயிக்கு இந்தத் தீர்ப்பு வந்தபோது 74 வயது. அந்தக் காசை வாங்கப் பிள்ளைகள் வாரிசுச் சான்றிதழோடு போய் நிற்க வேண்டிய வீடுகள் ஆற்றின் இரு கரையிலும் இருக்கும்.